கொடி பறக்கும் பக்கம்

டோர்ரே டெல் கிரேகோ
9 அக்டோபர் 1968

அன்புள்ள ஆனியெல்லோவுக்கு,

நுன்சியா எழுதுவது. மான்டிவிடியோவிலிருந்து நீ போட்ட கடிதம் செவ்வாயன்று வந்தது. கம்பெனி இன்னும் பதினெட்டு மாதத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறது என்று எழுதியிருக்கிறாய். நீ என்ன சொன்னாய் என்று எழுதவில்லை. மை தீர்ந்துபோயிருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு சந்தேகம். கப்பலில் இருக்கிற உன்னைத்தான் கேட்க வேண்டும். அருங்காட்சியகத்தில் நான் காவலிருக்கும் ஒன்பதாம் அறையில் அரியாட்னே ஓவியம் இருக்கிறதே, முந்நூறு வருஷத்துப் பழசு, அதைச் சுத்தம் செய்கிறார்கள். கதை உனக்குத் தெரியும். புதிர்மாளிகையிலிருந்து வெளியேற வழிகாட்டும் நூல்கண்டு கொடுத்துத் தீசியஸின் உயிரைக் காப்பாற்றியவள் அவள்; அவனோ அவளைத் தீவில் தூங்கவிட்டுக் கப்பலேறிவிட்டான். படத்தில் இடப்பக்கம் மதுவின் கடவுள் சிறுத்தைகளோடு அவளைத் தேடி வருகிறார். வலப்பக்கம் தூரத்தில் அந்தக் கப்பல், முகம் கடலைப் பார்த்து. அவிழ்ந்த நூல்கண்டு முறிந்த வாக்கு, சிறுத்தை அடங்காத ஆசை, நட்சத்திரக் கிரீடம் வரப்போகும் கல்யாணம் என்று வழிகாட்டிகள் சொல்வதைப் பதினோரு வருஷமாகக் கேட்கிறேன். கப்பலுக்காக மட்டும் யாரும் நின்றதில்லை.

சென்ற வாரம், சுத்தம் செய்ய வந்திருக்கும் ஓர்தென்சியா அம்மாள் பழுப்பேறிய பழைய வார்னிஷைத் துடைத்ததும், பாய்மர உச்சியில் ஒரு சிவப்புக் கொடி வெளிப்பட்டது. அது கரைப்பக்கம் பறக்கிறது.

ஓவியக் கலைப் பேராசிரியர் ஒருவர் வந்து பார்த்தார். போகிறவனின் மனம் கரையிலேயே நிற்பதன் குறியீடு என்றார். அடுத்த அறைக் காவலன் சீரோ, "மனசாவது மண்ணாவது! வரைஞ்ச ஆளு ஆயுசுல படகுல கால் வச்சிருக்க மாட்டான், அக்கா" என்றான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "கொடி கரைக்குப் பறந்தா காத்து கடல்லேர்ந்து வருது. எதிர்க்காத்துல பாய்க்கப்பல் நேரா வெளிய போகாதுங்க" என்றேன். "அப்ப அவன் போகலையாம்மா?" என்று பேராசிரியர் என்னையே கேட்டார். சீரோ விடுவானா? "மாலுமி பொண்டாட்டி வேற எப்படிச் சொல்லும்!"

ஓர்தென்சியா அம்மாள் சிரிக்காமல் பூதக்கண்ணாடியைத் தந்தாள். பாய்கள் முன்னால் உப்பவில்லை. பின்னுக்குத் தள்ளப்பட்டுப் பாய்மரத்தோடு அழுந்திக் கிடக்கின்றன. வரைந்தவனுக்குக் கப்பல் தெரியும். ஆனால் எதைச் சொல்ல வந்தான்? தீசியஸ் போக முடியாமல் திணறுகிறானா, திரும்ப நினைத்துக் கப்பலை நிறுத்துகிறானா? முதலாவது காற்றின் வேலை. இரண்டாவது அவன் வேலை. பாய் அப்படி இருந்தால் கப்பலில் இருப்பவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று உன்னைக் கேட்கச் சொன்னாள் ஓர்தென்சியா அம்மாள். படத்தின் பக்கத்தில் வைக்கும் புது விளக்க அட்டை டிசம்பரில்தான் அச்சாகிறதாம்.

நம் குட்டி ரோசாரியா நடக்கத் தொடங்கிவிட்டாள். உன் போட்டோவில் இருப்பதுபோல் தொப்பி போட்ட ஆண் யாரைக் கண்டாலும் கை தூக்குகிறாள். தபால்காரர் இரண்டு முறை தூக்கிக்கொண்டார். நல்ல மனிதர்.

கப்பலைப் பற்றி விரிவாக எழுது. கம்பெனிக்கு என்ன பதில் சொன்னாய் என்பதற்கு ஒரு வார்த்தை போதும்.

மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும். குளிருக்குக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்.

உன்
நுன்சியா