தாள் மாற்றாத செடி

ஒரு வாரமாக என் புடவை அலமாரியைத் திறந்தால் உன் வாடை வருகிறது. அந்துருண்டையும் காய்ந்த புல்லும் பழைய செய்தித்தாளும் கலந்த வாடை. செடிகளை அழுத்திக் காயவைக்கும் உன் பலகையை அல்லி என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். பழைய கட்டில் பலகையை அறுத்து நீ செய்யச் சொன்ன இரண்டு சட்டங்கள், நடுவே கத்தையாகத் தாள்கள், எல்லாவற்றையும் இறுக்கிக் கட்ட ஒரு சைக்கிள் டியூப். "வீட்டுல இடமில்ல பெரியம்மா, நீங்க வெச்சுக்குங்க" என்றாள் உன் மகள். உன் வீட்டில் எவ்வளவு இடம் என்று எனக்குத் தெரியும். இதற்கு இல்லாமல் போகாது. ஆனாலும் வாங்கி மேல்தட்டில் வைத்தேன். பிரித்துப் பார்க்கவில்லை.

இறந்தவர்களுக்கு எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நீ படிக்கப்போவதில்லை. இருந்தாலும் போகும்போது என்னிடம் ஒரு வேலை சொல்லிவிட்டுப் போனாய். அது முடிந்தது என்று சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

பிளஸ் டூ முடிவு வந்த கோடை நினைவிருக்கிறதா? மன்னார்குடியில் பேப்பர் கடை வாசலில் கூட்டத்துக்குள் புகுந்து நம் இருவர் நம்பரையும் நீதான் பார்த்துவிட்டு வந்தாய். மார்க் ஷீட் வந்தபோது கணக்கில் என்னைவிட உனக்கு அதிகம். பள்ளிக்கூடத்தில் உன்னை ஆசிரியப் பயிற்சிக்குப் போகச் சொன்னார்கள். முடித்தவுடன் வேலை, உன் குடும்பத்தில் முதல் அரசாங்கச் சம்பளம் என்றார்கள். நீ கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு பாட்டனிக்கு விண்ணப்பம் போட்டாய்.

அன்று உன் வீட்டு வாசலில் நான் இருந்தேன். உன் அம்மா களை எடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். பாட்டனி என்றால் என்ன என்று கேட்டார். செடி கொடியைப் பற்றிய படிப்பு, வயலில் முளைக்கும் கோரையைப் பற்றிக்கூட இருக்கிறது என்று நீ உற்சாகமாகச் சொன்னாய். அவர் சொம்பைக் கீழே வைத்தார்.

"நாங்க புடுங்கிப் போடுறதப் படிக்கவாடி காலேஜுக்குப் போற?"

"நீ புடுங்கிப் போடுற ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு இருக்கும்மா."

"இருக்கட்டும். பேரு வெச்சுட்டா சோறு போடுமா அது?"

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்க பாப்பா" என்றார். அவர் களை எடுத்த வயல்களில் சில ஒரு காலத்தில் எங்கள் குடும்பத்துடையவை. அதைப் பற்றி நாம் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. மறந்ததும் இல்லை.

எனக்கும் பாட்டனி பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதோடு நின்றுகொண்டது. கம்ப்யூட்டர்தான் வரப்போகும் காலம் என்று அப்பா எங்கோ கேட்டுவிட்டு வந்து சொன்னார். நான் அதை நம்பவில்லை. மறுக்கக் காரணமும் இல்லை. சேர்ந்தேன். பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறேன். விழுந்தால் தாங்கிப் பிடிக்க வீடும் ஆட்களும் இருந்த நான் பத்திரமானதை எடுத்தேன். பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லாத நீ கோரையை எடுத்தாய். இதை உன்னிடம் ஒரு தடவை சொன்னபோது, "ஒனக்கு எழக்க நெறைய இருந்துச்சுடி, அதான் பயம்" என்றாய். அது உண்மையா, கேட்க நன்றாக இருப்பதற்காகச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நீ படித்து முடித்தாய். நெல் வயல் களைகளைப் பற்றியே டாக்டர் பட்டமும் வாங்கினாய். பிறகு அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். "பேருலயே கௌரவம் குடுத்துட்டாங்க, மேல என்னத்தக் கேக்கறது?" என்பாய். நிரந்தர வேலைக்கு அறிவிப்பு வரும், நிற்கும், மறுபடி வரும், வயது வரம்பு நகரும். உன்னிடம் படித்த பெண் ஒருத்தி உனக்கு முன்னால் நிரந்தரமானாள். உன் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் அநேகமாக வேறு எதுவும் கிடைக்காமல் வந்தவர்கள். அதை நீயே சொல்வாய். ஆனாலும் சம்பா வயல்களில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் அவர்களைக் கூட்டிக்கொண்டு வரப்பில் நடப்பாய். "என்ன டீச்சர், கோரைய அள்ளிட்டுப் போறீங்க, வீட்டுல மாடு வாங்கிட்டீங்களா?" என்று வயல்காரர்கள் கேட்பார்கள். "மாடு இல்லண்ணே, புள்ளைங்கதான்" என்பாய்.

ஒருமுறை நானும் வந்தேன். பறித்த செடியை வேரோடு வாய்க்காலில் அலசி, செய்தித்தாளில் விரித்து, இலை மடங்காமல் விரலால் நீவி, மேலே இன்னொரு தாளை வைத்தாய். அவ்வளவுதானா என்றேன். இதற்குப் பிறகுதான் வேலை என்றாய். தினம் ஈரத் தாளை எடுத்துவிட்டு உலர்ந்த தாளை வைக்க வேண்டும். காயும்வரை விடக் கூடாது. "ஒரு நாள் சோம்பல்பட்டா கறுத்துரும்டி. அப்பறம் அத யாரும் ஒண்ணும் பண்ண முடியாது." மாணவர்கள் அதைத்தான் செய்யாமல் விடுவார்கள் என்றும், செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் சீனியர்களிடம் காய்ந்த செடியை வாங்கி ஒட்டிக்கொண்டு வருவார்கள் என்றும் சொன்னாய். கோபமாகச் சொல்லவில்லை.

கௌரவ விரிவுரையாளருக்கு மே மாதம் சம்பளம் கிடையாது. அந்த மாதம் எதுவும் கேட்கக் கூடாது என்பதை அல்லி யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டாள். அவள் பிறந்தநாளும் மேயில்தான் வரும். ஒரு வருடம் நான் துணி எடுத்துக்கொண்டு வந்தபோது அவள் வாங்குவதற்கு முன் உன் முகத்தைப் பார்த்தாள். என்னைப் பெரியம்மா என்று கூப்பிடச் சொல்லி நீ அவளைப் பழக்கியிருந்தாய். என் வீட்டில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. உனக்கும் அது தெரியும். நீ மாற்றவில்லை.

என் மே மாதம் வேறு மாதிரி. நான் வேலை பார்க்கும் தனியார் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைச் சேர்த்துவிடுவதும் ஆசிரியர் வேலைதான். நாள் முழுக்க ஃபோன். "மேடம், எதுக்கு ஸ்கோப் இருக்கு?" பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், "அவனுக்கு என்ன மேடம் தெரியும், ஸ்கோப் சொல்லுங்க" என்பார்கள். அச்சடித்த தாளில் உள்ளதைச் சொல்வேன். நான் கற்றுக்கொடுக்கிற புரோகிராமை இன்று மெஷினே எழுதிவிடுகிறது. போன வருடம் முடித்தவர்களில் பலர் இன்னும் வீட்டில் இருக்கிறார்கள். அது அந்தத் தாளில் இல்லை. பத்திரமானது என்று நான் எடுத்ததும் பத்திரமாக இல்லை என்பதை உன்னிடம் சொல்ல நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் மார்கழி வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில் உனக்கு. நான் வந்த மத்தியானம் அல்லி மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள். நீ முதலில் பலகையைப் பற்றித்தான் பேசினாய். கார்த்திகைக் கடைசியில் எடுத்த இரண்டு கோரை அதில் இருக்கிறது, இந்நேரம் கறுத்திருக்கும், போகட்டும் என்றாய். பிறகு என் கையைப் பிடித்தாய். நாம் அப்படிப் பிடித்துக்கொள்கிறவர்கள் இல்லை.

"அல்லிக்குப் பாட்டனி மேல ஆசை. வேணாம்னு நீதான் சொல்லணும். நீ சொன்னாக் கேப்பா."

"நீ படிச்சியே" என்றேன்.

"அதனாலதான்டி சொல்றேன்." மூச்சு வாங்கிவிட்டு, "புடிச்சதப் படிச்சா கஷ்டமே தெரியாதுன்னாங்க. எனக்கு நல்லாவே தெரிஞ்சுது" என்றாய்.

வருத்தப்படுகிறாயா என்று கேட்டேன். அப்போது அதைக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

"இல்ல. நான் சந்தோஷமாத்தான் இருந்தேன். அதுக்கு வெலைய அவ குடுத்துட்டா. போதும்."

அல்லி வரும் சத்தம் கேட்டது. கையை விட்டுவிட்டாய். தை மாதம் நீ இல்லை.

உன் கணவர் நெல் லாரியில் பாதி நாள் வெளியூரில் இருக்கிறார். படிப்பு விஷயத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்றார். அல்லி உன் கல்லூரிக்கே விண்ணப்பித்திருந்தாள். பாட்டனி முதலில், கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாவது. என் பல்கலைக்கழகத்தில் சேர்க்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அந்தக் கட்டணத்துக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று தெரிந்தவள் நான். கலந்தாய்வு நாள்வரை நீ சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. தானாகவே மாறிவிட்டால் என் வாயால் சொல்ல வேண்டியிராது என்று பார்த்தேன். அவள் மாறவில்லை. அன்று காலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது அவள் நகக்கண்ணில் சேறு இருந்ததைப் பார்த்தேன். எதற்கென்று கேட்கவில்லை. பேப்பரைப் பிரித்துப் படித்துக்கொண்டு வந்தேன்.

கல்லூரியில் கலந்தாய்வு மேஜையில் இருந்தவள் உனக்கு முன்னால் நிரந்தரமான உன் மாணவி. அல்லியின் மார்க்கைப் பார்த்தாள், பிறகு அவள் முகத்தை. உன் முகம்தானே அது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இந்த மார்க்குக்கு சி.எஸ். கெடைக்கும்மா. ஒங்கம்மா பட்டதெல்லாம் நான் கூட இருந்து பாத்தவ. நல்லா யோசிச்சுச் சொல்லு."

அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உண்மையான பரிவு. அல்லி என் பக்கம் திரும்பினாள்.

"பெரியம்மா, அம்மா ஒங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னா. பாட்டனி வேணாம்னு."

"எப்ப?"

"ஆஸ்பத்திரியில. நீ மாத்திரை வாங்கப் போயிருந்தப்ப."

அவள் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்பாள், சண்டை போடுவாள், அழுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்து பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. மே மாதத்தில் எதையும் கேட்காமல் இருந்து பழகிய பெண். "சரி மேம், சி.எஸ்.ஸே போட்டுருங்க" என்றாள். பின்னால் நின்றவர் நகரச் சொன்னார். நகர்ந்தோம்.

திரும்பி வரும்போது ரோட்டின் இரண்டு பக்கமும் குறுவைக்கு உழுது தண்ணீர் கட்டியிருந்தார்கள். நீயாக இருந்தால் எங்காவது இறங்கிக்கொள்ளலாம் என்றிருப்பாய். அல்லி ஃபோனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மறுநாள் சாயங்காலம் தஞ்சாவூரில் என் வீட்டுக்கு வந்து பலகையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இன்று காலையில்தான் டியூபை அவிழ்த்தேன். கறுத்துப்போன இரண்டு கோரைகளை எதிர்பார்த்தேன். அவை கறுக்கவில்லை. தண்டு நேராக, பூங்கொத்து உதிராமல், நீ காயவைப்பதைப் போலவே காய்ந்திருந்தன. சுற்றியிருந்த தாள்கள் மார்கழி மாதத்துப் பேப்பர்கள். நீ ஆஸ்பத்திரியில் இருந்த மாதம். உனக்குச் சோறு கொண்டுவந்துகொண்டு, இரவெல்லாம் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நடுவே வீட்டுக்குப் போனபோதெல்லாம் அவள் தாள் மாற்றியிருக்கிறாள். உன்னிடம் சொல்லவில்லை. காட்டலாம் என்று வைத்திருந்தாளோ என்னவோ.

அடியில் இன்னொன்று இருந்தது. வாய்க்காலோரம் முளைக்கும் ஓர் ஆரைச் செடி. நாலு இலையும் மடங்காமல் நீவி விடப்பட்டிருந்தது. அவசரமாக அலசியிருக்க வேண்டும், வேரில் கொஞ்சம் சேறு ஒட்டியிருந்தது. அதை வைத்திருந்த தாளை எனக்குத் தெரியும். கலந்தாய்வுக்குப் போகும்போது பஸ்ஸில் நான் படித்த அதே முதல் பக்கம், அவள் வீட்டுக்கு வந்த பிரதி. அன்று காலையில் கிளம்புவதற்கு முன் வாய்க்காலில் இறங்கிப் பறித்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள். தண்ணீர் நிறைந்த செடி. அதன் பிறகு தாளை யாரும் மாற்றவில்லை. அவள் என்னிடம் கொடுத்தாள், நான் புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினேன். முழுக்கக் கறுத்துவிட்டது. இலை தாளோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

நீ கேட்டது தப்பென்று நான் சொல்லவில்லை. உன் இடத்தில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். இன்னொரு தடவை அந்த மேஜை முன்னால் நின்றாலும் அதையேதான் அவளிடம் சொல்வேன். அவள் படிக்கப்போவதற்கு ஸ்கோப் இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது என்பேன். இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது அவ்வளவுதான்.

நீ சொன்ன வேலை முடிந்தது. அவள் பாட்டனி படிக்கவில்லை.

கறுத்த இலைகளை ஒவ்வொன்றாக விரலால் எடுத்து, நேற்றைய பேப்பரை விரித்து அதில் வைத்தேன். மேலே இன்னொரு தாள். சட்டங்களைச் சேர்த்து டியூபை இழுத்துக் கட்டினேன். இனி இதை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. நாளைக்கும் மாற்றுவேன்.