சொல்தா வீட்டுச் சம்பந்தம்

செவ்வாய். மழை விடவில்லை.
இந்தக் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு யார் கையில் கிடைத்தாலும் கடைசிப் பக்கங்களைப் படிக்காதீர்கள். படித்துவிட்டால் அம்மாவிடம் மட்டும் காட்டாதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

விழுப்புரத்து அத்தை வந்தார். எனக்குப் பாண்டியில் ஒரு சம்பந்தமாம். சொல்தா வீடு. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் பேரன் வரைக்கும் பிரான்சுக் குடியுரிமை. பேரன் பிறந்ததே பாரிஸ்.

"நேஷனாலிட்டி பையன், அண்ணி. ஒலக்கூர்ல ரெண்டு வீடு பொண்ண வெச்சிக்கினு காத்துக்கினு இருக்காங்க. ஜல்தி சொல்லுங்க."

"பரிட்ச முடியட்டும். பதினெட்டும் ஆயிடும்" என்றாள் அம்மா.

என்னை யாரும் கேட்கவில்லை. விமானத்தை நினைத்தால் ஆசை. அந்த ஆளை நினைத்தால் பயம். நர்சிங் படிக்க வேண்டும். ஒன்றும் புரியவில்லை.

புதன்.
அத்தை சொன்னபடி பிரெஞ்சு வணக்கம், 'போன்ழூர்', நூறு முறை. அம்மாவும் கூடவே, "போஞ்சூரு". இருவரும் சிரித்தோம். பிறகு எனக்கு ஏன் அழுகை?
ரெக்கார்டில் மூன்று படம் பாக்கி.

வியாழன். வெயில்.
மாப்பிள்ளையோடு வீடியோ கால். பக்கத்தில் அம்மா. அவருக்குத் தமிழ் 'சாப்டியா'வோடு சரி. எனக்குப் பிரெஞ்சு வணக்கத்தோடு சரி. கடைசியில் இங்கிலீஷ். "இது உன் விருப்பமா?" என்று கேட்டார். தமிழில் இதுவரை யாரும் கேட்காதது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. சிரித்த முகம் மாறாமல் சொன்னேன்: இல்லை, நான் படிக்க வேண்டும், நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.
அவர் தலையாட்டினார். பிறகு, "ஓகே."

"என்னாடி சொன்ன, அவ்ளோ நீட்டமா?"

"சமைக்கத் தெரியும்னு."

"கேப்பக் களின்னு சொல்லித் தொலைக்கலியே?"

அம்மா எனக்குத் திருஷ்டி கழித்தாள். இவளிடம் ஏன் சொல்ல முடியவில்லை? அவரிடம் எப்படிச் சொன்னேன்?

வெள்ளி.
ராத்திரி எட்டு மணிக்கு அத்தை போன். ஸ்பீக்கரில். அறைக்குள் இருந்து கேட்டேன்.

"பையன் வேணாங்கிறானாம், அண்ணி. பொண்ணு மேல ஒரு கொறையும் இல்லன்னானாம்."

சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிவிட்டார். மூச்சு வந்தது.

"ஆனா அவன் அம்மா பக்கத்துலயே இருந்துச்சாம். அதுக்கு இங்கிலீஷ் தெரியுமாம். உங்க பொண்ணு பேசுனது அத்தனையும் எங்கிட்ட ஒப்பிச்சிடுச்சு."

அம்மா போனை வைத்துவிட்டாள். திட்டவில்லை. என்னைச் சாப்பிடக் கூப்பிடவும் இல்லை. மணி பதினொன்று. கூடத்தில் விளக்கு எரிகிறது. அடிப்பாளா? பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவாளா? காலையில் நானே—

அம்மா கதவைத் தட்டுகிறாள்.

"முழிச்சிக்கினுதான இருக்க. தொற. அவன்கிட்ட சொன்னத என்கிட்ட சொல்லு, தமிழ்ல."