வருஷம் திரும்பும் முன்னே மலை ஏறுகிறோம்

பரணிலிருந்து அந்த அட்டைப்பெட்டியை இறக்கித் திறந்ததும் முதலில் வந்தது ரப்பர் வாசனை. செருப்புக் கடைக்குள் நுழைந்தால் வருமே, அது. இத்தனை வருடம் பரணில் கிடந்தும் போகவில்லை. உள்ளே இரண்டு ஜோடி ஷூ. சாம்பல் நிறம் உன்னுடையது, நீலம் என்னுடையது. நான் எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை முடித்த கையோடு காஞ்சிபுரத்தில் வாங்கினாய். இரண்டையும் யாரும் ஒரு நாள்கூடப் போட்டதில்லை.

நீலத்துக்குள் இப்போது என் பாதம் பாதிதான் நுழைகிறது. உன் சாம்பல் ஷூ எனக்குச் சரியாக இருக்கிறது, அம்மா. நம் மலைப் பயணம் எவ்வளவு தள்ளிப்போய்விட்டது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்ல முடியாது.

இடது ஷூவின் அடிப்பாகம் மட்டும் வாய் பிளந்திருந்தது. போடாமல் வைத்தால் பசை காய்ந்து விட்டுப்போகும் என்று பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைப்பவர் அதைத் தைத்துக்கொண்டே சொன்னார். போட்டுத் தேய்த்திருந்தால் இன்னும் இரண்டு வருஷம் உழைத்திருக்குமாம். அவர் ஷூவைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கோபமாக இருந்தது.

யார் மேல் கோபம் என்று கேட்டால், கொஞ்சம் உன் மேலும்தான்.

நீ விடியும் முன்பே எழுந்து கம்பெனி வேனைப் பிடிக்க ஓடுவாய். ஒரகடத்துப் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனி. நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை. வேனில் உனக்கு ஜன்னலோரம். வேறு யாராவது அங்கே உட்கார்ந்துவிட்டால் அன்று பூராவும் உனக்கு முகம் சரியிருக்காது. அப்படி என்ன இருக்கிறது அந்த ஜன்னலில் என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணும் இல்ல கண்ணு. வயலு, கம்பெனி, வயலு. எல்லாம் ஒரே தட்டை. கழுத்தை நிமிர்த்திப் பாக்கறா மாதிரி ஒண்ணாவது வேணாமா?" என்றாய்.

மலைப் பைத்தியம் உனக்கு அந்த வேனில்தான் பிடித்தது. கூட வந்த ஒரு பெண் போனில் காட்டிய வீடியோவில், யாரோ முதுகில் பை மாட்டிக்கொண்டு மேகத்துக்குள் நடந்து போனார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் என் பூகோளப் புத்தகத்தைக் கேட்டாய். கிளை நூலகத்திலிருந்து பெரிய வரைபடப் புத்தகத்தை எடுத்து வந்து தரையில் விரித்தேன். நாம் பார்க்கப்போகும் மலைகளெல்லாம் கிழக்குத் தொடர்ச்சி மலைகள் என்றும், பெயர்தான் தொடர்ச்சியே தவிர அவை அங்கங்கே உடைந்து உடைந்து நிற்பவை என்றும் உனக்கு விளக்கினேன். "ஒடஞ்சிருக்கறதே நல்லது. தொடர்ச்சியா இருந்தா நமக்கு லீவு பத்தாது" என்றாய்.

அன்று போட்ட வழிதான் இன்றும். உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி, ஆரணி, போளூர். அங்கிருந்து ஜவ்வாது மலை. அதைத் தாண்டித் திருப்பத்தூர், ஏலகிரி. பிறகு சேலம், ஏற்காடு. கடைசியில் கொல்லிமலை. அப்பாவின் குட்டியானையில்தான் போக வேண்டும். நெல் மூட்டை ஏற்றும் அந்தச் சின்ன லாரியின் முன்பக்கத்தில் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். ஜன்னலோரம் உனக்கு, நடுவில் நான். ஒவ்வொரு மலையிலும் ஒரு நடை கட்டாயம் என்பது உன் நிபந்தனை. வண்டி போகிற இடத்துக்கு எல்லாரும்தான் போகிறார்கள், அதற்கு மேலே காலால் போனால்தான் மலை என்பாய். ஜவ்வாதில் காட்டுக்குள் அருவி வரை, ஏலகிரியில் சாமிமலை உச்சி வரை. கொல்லிமலை அருவிக்கு நூற்றுக்கணக்கான படி இறங்கி, குளித்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். மற்ற மலையெல்லாம் ஏறி இறங்குவது, இது ஒன்றுதான் இறங்கி ஏறுவது என்று அதைக் கடைசிக்கு வைத்தாய்.

அப்பாவுக்கு வண்டி மேல் நம்பிக்கை இல்லை. மூட்டை ஏற்றினால் ஏரிக்கரை மேட்டுக்கே மூச்சு வாங்குகிறது, கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளில் எப்படி ஏறும் என்று கேட்டார். "மூட்டையே நீதான்யா. நீ எறங்கி நடந்தா அது தானா ஏறும்" என்று நீ சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிரித்துப் புரையேறிவிட்டது.

உன் விடுமுறை நாட்களில் மாலையில் நாம் பயிற்சிக்குப் போனோம். நம் ஊரில் மேடு என்றால் ஏரிக்கரைதான். கரையின் சரிவில் இறங்குவோம், ஏறுவோம், மறுபடி இறங்குவோம். நீ கம்பெனி பேண்ட்டும் அப்பாவின் பழைய சட்டையும் போட்டிருப்பாய். காலில் ரப்பர் செருப்பு. மலைக்கென்று வாங்கிய ஷூவை மலையில்தான் போட வேண்டும் என்பது உன் இன்னொரு சட்டம். மாடு மேய்க்க வந்த அண்ணன் ஒருவர் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், "இன்னாக்கா, ஆத்தாளும் பொண்ணுமா ஏரிக்குக் காவலா?" என்று கேட்டார். நீ மூச்சு வாங்கிக்கொண்டே, "ஏரியை நாங்க பாத்துக்கிறோம். நீ உன் மாட்டைப் பாரு, வயல்ல எறங்கிடுச்சி" என்றாய். நிஜமாகவே இறங்கியிருந்தது.

எல்லாம் தயாராகத்தான் இருந்தது. அப்போதுதான் அப்பாவின் பங்காளி ஒருவர் திருப்புலிவனத்தில் இறந்துபோனார்.

பங்காளி வகையில் யார் போனாலும் வருஷம் திரும்பும்வரை மலை ஏறக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். அந்தப் பெரியவரின் முகம்கூட எனக்குத் தெரியாது. அப்பாவே ஏதோ கல்யாணப் பந்தியில் பார்த்ததாகத்தான் சொன்னார். ஆனாலும் நீ ஷூக்களைப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றினாய். ஒரு வருஷம்தானே என்றாய். அந்த வருஷம் திரும்பும் முன்பே அவர் மனைவி போனார். அதற்கடுத்து அவர் தம்பி. பிறகு, நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்திருந்த சித்திரையில், இன்னொருவர். நமக்குப் பங்காளிகள் இரண்டு தெரு நிறைய இருக்கிறார்கள், எல்லாருக்கும் வயதாகிறது, இந்தக் கணக்கில் நம் வீட்டில் எவரும் எந்தக் காலத்திலும் மலை ஏறவே முடியாது என்று நான் கத்தினேன். நீ என்னை அடக்கினாய். "ஊரோட இருக்கறோம் கண்ணு. அடுத்த லீவுல போவலாம்."

அந்த ஆடி மாதத்தில் மாகறல் சின்னத் தாத்தா படுக்கையில் விழுந்தார். அப்பாவுக்குச் சித்தப்பா முறை. எல்லாரும் போய்ப் பார்த்தோம். சுற்றி நின்றவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, நீ மட்டும் குனிந்து அவர் காதருகில், "மாமா, உங்க பேத்திக்குப் பதினொண்ணாவது பரீட்சை முடியற வரைக்கும் இருங்க. அதுக்குள்ள போயிட்டீங்கன்னா எங்க மலை போச்சு" என்றாய். கூட வந்திருந்த அப்பாவின் அக்கா, அத்தை, உன் கையைக் கிள்ளினார். தாத்தா பொக்கை வாயால் சிரித்தார். "இருக்கறேன்மா" என்றார்.

அவர் இருக்கிறார்.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. வேனை விடக்கூடாது என்று மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போனாய். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நீ பேசும் நிலையில் இல்லை. இதற்கு மேல் அதை எழுத மாட்டேன். நாம் இரண்டு பேரும் அங்கே இருந்தோம். உனக்குத் தெரியும்.

இந்தச் சித்திரையில் என் பரீட்சை முடிந்தது. அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு, விடுமுறையிலும் சிறப்பு வகுப்பு வைப்பார்கள். அதற்குப் பிறகு நான் எந்த ஊரில் என்ன படிப்பேனோ. இப்போது விட்டால் இல்லை. நீ போன பிறகு அத்தை நம்மோடுதான் இருக்கிறார். அவர் எதிரிலேயே வரைபடத்தை விரித்து, நானும் அப்பாவும் போகப்போகிறோம் என்று சொன்னேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலையே பெரியப்பா வந்துவிட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்து, காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். அன்பாகத்தான் பேசினார், அதையும் சொல்ல வேண்டும்.

"ஐப்பசி வரட்டும் பாப்பா. மலை எங்கயும் போயிடாது."

"மலை போவாது பெரியப்பா. ஆளுங்கதான் போயிடறாங்க."

அவர் முகம் மாறியது. தீட்டோடு மலை ஏறினால் வழியில் ஏதாவது ஆகும், வண்டி கவிழ்ந்தால் ஊர் யாரைக் கேட்கும், அப்பனையும் சேர்த்துப் பறிகொடுக்க வேண்டுமா என்றெல்லாம் கேட்டார். நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினேன். ஆனால் தீட்டு என்ற சொல்லை அவர் மறுபடி மறுபடி சொன்னபோது நின்றுவிட்டேன். எனக்குத் தலை பின்னிய கைகள் உன்னுடையவை. வேனிலிருந்து இறங்கி, அந்த அசதியிலும் என் பாடத்தை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டவள் நீ.

"எங்கம்மா செத்தது எங்களுக்குத் துக்கம், பெரியப்பா. தீட்டு இல்ல."

அத்தை, "வாயைப் பாரு. அப்படியே அவங்கம்மா" என்றார். திட்டுவதற்காகத்தான் சொன்னார். பள்ளியில் வாங்கிய எந்தப் பரிசும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

பெரியப்பா எழுந்தார். வாசலில் நின்று அப்பாவிடம், மலைக்குப் போவதானால் இந்த அறுப்பு நெல்லுக்கு வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சும்மா மிரட்டுகிறார் என்று நினைத்தேன். அந்த வாரமே அவருடைய மூட்டைகள் வேறொருவர் வண்டியில், நம் வாசல் வழியாகவே போயின. அப்பா பல் தேய்த்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எனக்குப் பயம். பெரியப்பாவை எதிர்த்துப் பேசலாம். பேசாத அப்பாவை என்ன செய்வது?

அதற்குப் பிறகு ஒருநாள் மாகறலில் லோடு என்று அப்பா கிளம்பியபோது நானும் ஏறிக்கொண்டேன். வேலை முடிந்து சின்னத் தாத்தாவைப் பார்க்கப் போனோம். கயிற்றுக் கட்டிலில் இன்னும் சுருங்கிப்போய்க் கிடந்தார். இரண்டு வாரமாக யாரையும் அடையாளம் தெரியவில்லை என்று வீட்டில் சொன்னார்கள். என்னை வெகுநேரம் பார்த்தார்.

"பரீட்சை ஆச்சா?"

ஆயிற்று என்றேன்.

"மலைக்குப் போய்ட்டு வந்துட்டீங்களா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "இன்னும் போவல சித்தப்பா. அதான் அவ..." என்று நிறுத்தினார்.

தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்து எழ முயன்றார், முடியவில்லை. "அந்தப் பொண்ணு இருன்னு சொல்லிச்சி. நான் உசுரைப் புடிச்சிக்கினு கீறேன். நீ இன்னாடா பண்ணிக்கினு கீற?"

திரும்பும்போது செய்யாற்றங்கரையில் அப்பா வண்டியை நிறுத்தினார். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான் தெரிந்தது. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முகத்தைத் துடைத்து வண்டியைக் கிளப்பியதும் அவர் கேட்டது இவ்வளவுதான்:

"மொதல்ல எந்த மலைன்னு சொன்ன?"

நாளைக் காலை கிளம்புகிறோம். அப்பா பிரேக் மாற்றிவிட்டார். எந்த கியரில் ஏறுகிறோமோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும் என்று மலைக்கு லோடு அடிக்கும் நண்பர் ஒருவர் சொல்லிக்கொடுத்ததை, எதிரில் யார் வந்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெரியப்பா இன்னும் பேசவில்லை. பேசாமலே இருந்துவிடவும் கூடும். அவர் நெல் இல்லாமல் இந்த வருடம் நமக்குச் சிரமம்தான். தெரிந்தேதான் போகிறோம்.

அத்தைக்கும் சம்மதம் இல்லை. ஆனாலும் அடுப்படியில் புளிச்சோறு கிளறுகிற வாசனை வருகிறது. கோயில் படி மட்டும் மிதிக்கக்கூடாது என்று சத்தியம் கேட்டார். கொல்லிமலையில் கோயிலை ஒட்டித்தான் அருவிப் படிகளே ஆரம்பிக்கின்றன என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அதற்கும் அத்தை வழி வைத்திருந்தார். "அப்ப மூஞ்சியை அந்தாண்ட திருப்பிக்கினு எறங்கு."

இறங்குகிறேன். போன ஐப்பசியிலிருந்து நாங்கள் இறங்கிக்கொண்டேதான் இருந்தோம் அம்மா. இனி ஏற வேண்டும்.

இன்று மாலை உன் ஷூவைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். மலைக்கென்று வைத்ததை ஏரிக்கரை மண்ணில் போட்டு மிதித்தேன். உன் சட்டத்தை மீறியதில் எனக்கு வருத்தமில்லை. சரிவில் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, தையல் தாங்குகிறதா என்று பார்த்தேன். தாங்குகிறது. மாட்டுக்கார அண்ணன் கரைமேல் நின்றிருந்தார். இந்த முறை தன் மாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் வாய் என்னிடம் இருக்கிறது, அத்தையே சொல்லிவிட்டார். உன் வழி இருக்கிறது. உன் ஜன்னலோரமும் நாளை முதல் எனக்குத்தான், அதைக் காலியாக விட்டு வைக்க மாட்டேன். உன்னிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன், காத்திருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அதை என் நீல ஷூவோடு பெட்டியில் வைத்து மூடிவிட்டேன்.

சாம்பல் ஷூ வாசற்படியில் இருக்கிறது. அடியில் ஏரிக்கரை மண். தட்டிவிடவில்லை.