திருத்தப் பார்வையில் ஒன்றுமில்லை

நாள் 212 · 07:10

செவ்வாய், தென்சமவெளி நிலையம். பதிவு செய்பவர் நாச்சம்மை, படப் பகுப்பாய்வு. வெளி வெப்பம் மைனஸ் 71. காற்று, தண்ணீர், மின்கலம் எல்லாம் சரி.

இங்கே நாங்கள் இரண்டு பேர். மற்றவர் கஸ்பார் மச்சாது, நிலவியலாளர், தூத்துக்குடிக்காரர். தெற்கே நாற்பது கிலோமீட்டரில் உள்ள நிலநடுக்கமானி பேசாமல் போய்விட்டது. அதைப் பார்க்க ரோவரில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினார். மாலை திரும்புகிறார்.

நாள் 212 · 15:52

ரோவரிலிருந்து கடைசிச் செய்தி: "நாச்சம்மக்கா, தெக்க இருந்து மண்ணு கெளம்பி வருது. சுவரு மாதிரி நிக்கி. நான் கெழக்க ஒதுங்கிச் சுத்தி வாரேன். சோத்த எடுத்து வச்சிராதிய, வந்து சூடா தின்னுக்கிடுதேன்."

அதன் பிறகு இரைச்சல் மட்டுமே.

நாள் 213 · 18:30

புயல் கடந்துவிட்டது. மெல்லிய தூசு மட்டும் மிதக்கிறது. ரோவர் வானொலியில் இல்லை. ஆன்டெனா முறிந்திருக்கலாம், வண்டியே கவிழ்ந்திருக்கலாம். ரோவருக்குள் ஆறு நாளுக்குக் காற்று உண்டு.

தேடுவதற்கு எனக்கு இருப்பது சுற்றுக்கலத்தின் கேமரா. தினமும் மாலை 17:40க்கு அது தலைக்கு மேலே போகிறது, போகும்போது தெற்கு முழுவதையும் படமெடுக்கிறது. இன்றைய படங்கள் வந்துவிட்டன.

கேமரா பழையது. கதிர்வீச்சு பட்டு, ஒவ்வொரு படத்திலும் நூற்றுக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள் உப்புத் தூவியதுபோல விழுகின்றன. அவற்றுக்கு நடுவில் வண்டியைத் தேட முடியாது. மென்பொருளில் புள்ளி நீக்கத்தை முழு அளவுக்கு ஏற்றினேன். வரும் படம் ஒவ்வொன்றுக்கும் அதுவே தானாகப் பொருந்தும்படி அமைத்தேன்.

படம் கண்ணாடிபோலத் தெளிந்தது. பாறைகள், பள்ளங்கள், மணல் அலைகள். வண்டி இல்லை.

நாள் 214 · 18:55

இன்றும் இல்லை. திருத்திய படங்களைப் பூமிக்கு அனுப்பினேன். செய்தி போக பதினான்கு நிமிடம், வர பதினான்கு நிமிடம்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து தாமோதரன்: "மேடம், இங்க எட்டு பேர் உக்காந்து பாத்துட்டோம். ஒண்ணும் தெரியல. உங்ககிட்ட இருக்கறது திறந்த வண்டி ஒண்ணுதான். ஒரு சார்ஜுக்கு தொண்ணூறு கிலோமீட்டர். சோலார் தகடு மேல தூசி, அடுத்த சார்ஜ் ஏற பத்து நாள் ஆகும். ஒரு தடவைதான் போக முடியும். இடம் தெரிஞ்சா உடனே போங்க. தெரியாம போகாதீங்க, ப்ளீஸ்."

அவர் சொல்வது நியாயம். இடம் தெரிய வேண்டும்.

நாள் 215 · 19:05

இல்லை.

தட்டில் அவருடைய சாப்பாட்டை இரண்டு நாளாக எடுத்து வைக்கிறேன். பிறகு நானே சாப்பிடுகிறேன். ஒருவருக்கான அளவை இந்த அடுப்பில் எப்படி வைப்பது என்று தெரியவில்லை.

நிலையத்தில் காற்றை ஓட்டும் விசிறியின் சத்தம் இவ்வளவு பெரியது என்று இத்தனை நாள் கவனித்ததில்லை. அவர் பேசிக்கொண்டே இருப்பார்.

நாள் 216 · 18:40

மின்கலம் 31 விழுக்காடு. வண்டிக்கான சார்ஜைத் தொடக்கூடாது. அதனால் நிலையத்தில் எதையெல்லாம் நிறுத்தலாமோ அதையெல்லாம் நிறுத்தினேன். விளக்குகள், இரண்டாவது அடுப்பு, என் அறையின் சூடு. பட மென்பொருளில், பட்டியலில் தெரியும் சிறு முன்னோட்டப் படங்களைத் தானாகப் புதுப்பிக்கும் வேலையையும் நிறுத்தினேன். அது கணினியை மணிக்கணக்கில் ஓட்டுகிறது.

17:40 படங்கள் இறங்கிவிட்டன. திருத்தப் பார்வையில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

தாமோதரன்: "மேடம், நாளை மறுநாளோட அவர் காற்று முடியுது. வீட்டுக்குச் சொல்ல வேண்டிய நேரத்தைப் பத்தி இங்க பேச ஆரம்பிச்சிருக்காங்க. நான் உங்ககிட்ட மறைக்கல."

நாள் 217 · 07:20

பட்டியல் பார்வையில் நேற்றைய படங்களை வரிசையாக ஓட்டிக்கொண்டிருந்தேன். புள்ளிகள் தெரிந்தன, உப்புத் தூவியதுபோல. நான் நீக்கிய புள்ளிகள்.

படத்தைத் திறந்தேன். திருத்தப் பார்வையில் புள்ளி ஒன்றுகூட இல்லை. பட்டியலுக்குத் திரும்பினால் மறுபடி இருக்கின்றன. அதே கோப்பு. பார்வைக்குப் பார்வை வேறு படம்.

நாள் 217 · 07:55

காரணம் பிடிபட்டது. எழுதி வைக்கிறேன், படிப்பவருக்கும் எனக்கும்.

கேமரா படமெடுத்தவுடன், எதையும் கழிக்காமல், தானே ஒரு சிறு படம் செய்து கோப்போடு ஒட்டி அனுப்புகிறது. பட்டியல் பார்வை முதலில் காட்டுவது அதைத்தான். திருத்தப் பார்வை அப்படியல்ல. மூலத் தரவை எடுத்து, என் அமைப்புகளைப் பூசி, அந்த நிமிடத்தில் புதிதாக ஒரு படம் வரைகிறது. முந்தைய நாட்களில் முன்னோட்டப் படங்களும் என் அமைப்புகளின்படி புதுப்பிக்கப்பட்டன. அதனால் இரண்டு பார்வையும் ஒன்றாகவே இருந்தன. நேற்று புதுப்பிப்பதை நிறுத்தினேன். கேமரா செய்தது அப்படியே தங்கிவிட்டது.

கல்லூரி விடுமுறையில் காரைக்குடியில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் திருத்தியிருக்கிறேன். ஒரு பெண்ணின் முகப்பருவை எடுக்கும்போது மேலுதட்டு மச்சமும் சேர்ந்து போய்விட்டது. அவளுடைய அம்மா ஆல்பத்தைத் திருப்பி அனுப்பினார். "இது எம்பொண்ணு இல்ல" என்றாராம். ஸ்டுடியோவில் எல்லோரும் சிரித்தோம்.

புள்ளி நீக்கத்துக்கு எது பரு, எது மச்சம் என்று தெரியாது. பக்கத்தில் இருப்பவற்றோடு ஒத்துப்போகாத சிறு வெளிச்சம் எதுவானாலும் அழித்துவிடும்.

கஸ்பாரிடம் சர்வே விளக்கு ஒன்று இருக்கிறது.

நாள் 217 · 09:35

கதிர்வீச்சுப் புள்ளி படத்துக்குப் படம் இடம் மாறும். தரையில் இருக்கும் விளக்கு இடம் மாறாது. நான்கு மாலைகளின் மூலப் படங்களையும் எடுத்து, நிறத்தை விட்டுவிட்டு ஒளியளவை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். எது நான்கிலும் ஒரே இடத்தில் இருக்கிறதோ அதை மட்டும் விட்டுவைக்கச் சொன்னேன்.

ஒரே ஒரு புள்ளி நின்றது.

திட்டமிட்ட வழியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் கிழக்கே, ஒரு பிளவுப் பள்ளத்தின் விளிம்பில். 213, 214, 215, 216. நான்கு மாலையும். சுற்றுக்கலம் போகும் நேரம் அவருக்குத் தெரியும். மேட்டில் ஏறி விளக்கைப் பிடித்திருக்கிறார்.

நான்கு மாலையும் நான் அவரை அழித்திருக்கிறேன்.

இடத்தைப் பூமிக்கு அனுப்பிவிட்டேன். பதில் வர அரை மணி நேரம் ஆகும். நிற்கப் போவதில்லை. முப்பத்தெட்டு கிலோமீட்டர். உதிரிக் காற்று நான்கு குடுவை. கிளம்புகிறேன்.

நாள் 217 · 13:50

குரல் பதிவு. ரோவரைக் கண்டேன். பள்ளத்துக்குள் சரிந்து ஒரு பாறைக் கூரையின் நிழலில் மாட்டியிருக்கிறது. மேலிருந்து எந்தப் படத்திலும் தெரிந்திருக்காது. ஆன்டெனா முறிந்திருக்கிறது.

உள்ளே அவர் இல்லை.

விளக்கு இருக்கையில் இருக்கிறது, அணைந்து. ரோவரின் மின்கலம் முதல் நாளே செத்திருக்கிறது. விளக்கின் கம்பி விண்வெளி உடையின் மின்கலத்துக்குச் சேரும்படி ஒட்டுப்போடப்பட்டிருக்கிறது. உடையைச் சூடாக வைக்கும் மின்கலம்.

காலடித் தடம் இருக்கிறது. பள்ளத்தின் அடியோடு வடக்கே போகிறது. நிலையத்தை நோக்கி.

நான் விளிம்பின் மேலே வந்தேன். அவர் கீழே.

நாள் 217 · 14:40

கண்டேன்.

ரோவரிலிருந்து நான்கு கிலோமீட்டர். ஒரு கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கைகள் அக்குளுக்குள். காற்றுக் குடுவையில் இன்னும் நான்கு மணி நேரத்துக்கு இருக்கிறது. சூடுதான் இல்லை. உடையின் வானொலியும் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

உடையின் அளவி, இதயம் நின்ற நேரம் 13:20 என்கிறது.

13:20க்கு நான் இந்த இடத்துக்கு நேர் மேலே, விளிம்பில், வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. தலையைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டாரா என்று நினைக்கிறேன். குனிந்து நடந்திருப்பார். நானும் கீழே பார்க்கவில்லை. வழியைப் பார்த்தேன். புள்ளி காட்டிய இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

நாள் 218 · 11:00

நிலையம். அவரை வண்டியில் கட்டி நேற்றே கொண்டு வந்தேன். குளிர்க் கிடங்கில் வைத்திருக்கிறேன். மின்கலம் 22.

திரையில் தாமோதரனின் செய்தி காத்திருந்தது. நேற்று 10:09க்கு வந்தது. "போங்க மேடம். பதிலுக்குக் காத்திருக்காதீங்க. போங்க."

உடையிலிருந்து கஸ்பாரின் குரல் பதிவை எடுத்தேன். நேற்று 10:55.

"நாச்சம்மக்கா, கெளம்பிட்டேன். வெளக்குக்கு இனி சார்ஜ் இல்ல. நாலு நாளும் கரெக்டா மேல ஏறிப் பிடிச்சேன். நீங்க பாத்திருப்பிய, எனக்குத் தெரியும், ஒங்க கண்ணுக்குத் தப்பாது. தகடு பூராம் மண்ணு மூடி, வண்டிக்கு சார்ஜ் ஏறாம நிக்கிய போல. அதான் நெனைக்கேன். நானே பாதி வழி வந்துருதேன். ஒங்களுக்குத் தூரம் கொறையும்லா."

மூன்று முறை கேட்டேன். நான்காவது முறை கேட்க முடியவில்லை.

நாள் 219 · 09:15

அறிக்கை அனுப்பினேன். புள்ளி நீக்கத்தை முழு அளவில் வைத்தது யார், எப்போது, எத்தனை படத்துக்கு என்று எல்லாவற்றையும் எழுதினேன். என் பெயரை முதல் வரியில் போட்டேன்.

தாமோதரன்: "மேடம், அந்தப் படத்தை நாங்க எட்டு பேரும் பாத்தோம். ஒருத்தரும் மூலப் படம் கேக்கல. இதை உங்க மேல மட்டும் எழுத நான் விடமாட்டேன்."

நல்ல மனிதர். மூலப் படம் என் கையில் இருந்தது, அவர்கள் கையில் இல்லை.

நாள் 221 · 16:20

அடுத்த கலம் வர நூற்றெண்பது நாள். சோற்றின் அளவு பிடிபட்டுவிட்டது.

புள்ளி நீக்கத்தைச் சுழியத்தில் வைத்தேன். படங்கள் மறுபடி அழுக்காக வருகின்றன. வரட்டும்.

குளிர்க் கிடங்குக் கதவின் வழியாகப் போகும்போது ஏதாவது சொல்கிறேன். வெளி வெப்பம், மின்கலம் எவ்வளவு, அப்படி. வேறு என்ன சொல்வதென்று...

நாள் 224 · 10:05

தூத்துக்குடியிலிருந்து செய்தி. கஸ்பாரின் மனைவி சகாயராணி. நேரடியாக எனக்கு.

"அக்கா, நான் சகாயராணி. ஆபீஸ்ல ஒரு படம் காட்டுனாவ. நல்லா சுத்தமா இருந்துச்சி. அதுல அவரு இல்லன்னு அவங்களே சொல்லுதாவ. இல்லாத படத்த நான் என்ன செய்ய. அவரு இருக்க படத்த அனுப்புங்க. சுத்தம் பண்ணாண்டாம். ஒங்க மேல எனக்குக் கோவம் இருக்கு, இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா படத்த நீங்கதான் அனுப்பணும்."

நாள் 224 · 12:30

நாள் 216, மாலை 17:40, கேமரா செய்தபடியே. இடத்தைக் காட்ட ஒரு வட்டம் போட்டேன். பிறகு வட்டத்தை எடுத்துவிட்டேன். அந்தப் படத்தின் மேல் நான் இனி எதையும் வரையக்கூடாது என்று பட்டது. நூற்றுக்கணக்கான புள்ளிகளோடு அப்படியே அனுப்பினேன். எது என்று கேட்டால் சொல்லலாம்.

நாள் 225 · 08:40

சகாயராணி:

"கெடச்சுது அக்கா. எதுன்னு நீங்க சொல்லாண்டாம். மேல வலது பக்கம், பள்ளத்து ஓரமா, லேசா மஞ்சளா ஒண்ணு இருக்குல்லா. அவருதான. மத்ததெல்லாம் வெள்ளையால்லா இருக்கு."

நாள் 225 · 09:10

பதில் அனுப்பினேன்: அதுதான்.

பிறகு படத்தைத் திறந்தேன். முழு அளவுக்குப் பெரிதாக்கினேன். மேலே, வலது பக்கம், பள்ளத்தின் ஓரம்.

மஞ்சள்தான். சகாயராணி சொன்ன பிறகு தெரிகிறது.