பொருட்காட்சியில் நீட்டிய மைக்

பாப்பா பலூனைக் கட்டிப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டாள். சிவப்பு பலூன், அதில் வெள்ளையாக ஒரு ரத்தத் துளிப் படம். எடுக்கப் போனால் சிணுங்குகிறாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. "இன்னும் எத்தனை வாட்டி தொட்டுப் பார்ப்ப?" என்கிறார் இவர். டெங்கு வந்துபோன பிறகு என் கை இப்படி ஆகிவிட்டது.

நம்ம கிளப்பின் பலூன்தான்டி அது. அதைப் பார்க்கப் பார்க்க உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ படிக்கப் போவதில்லை என்பதால்தான் எழுதவே முடிகிறது.

கோட்டை மைதானப் பொருட்காட்சியில் இன்றைக்கும் அதே ஓரம்தான் கொடுத்திருக்கிறார்கள், டெல்லி அப்பளக் கடைக்கும் ராட்டினத்துக்கும் நடுவில். கல்லூரி நாளில் அந்த ரத்ததானக் கிளப் ஸ்டாலில் நாம் நின்றோமே. நான் நோட்டீஸ் கொடுப்பேன். வாங்கியவர்கள் அதில் அப்பள எண்ணெயைத் துடைத்துவிட்டுப் போவார்கள். நீயோ மைக்கைப் பிடித்தால் விடமாட்டாய். "அண்ணா, சும்மா வாங்க, இன்னா குரூப்புன்னு தெரிஞ்சிக்கினு போங்க. கடிக்க மாட்டோம்!"

ஆம்பூர் டேனரியில் வேலை செய்கிற ஒருவர் வந்தார். சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் புரட்டிப் புரட்டி விரல் நுனியெல்லாம் காய்த்துப்போன கை. குரூப் பார்க்க இரண்டு தடவை குத்தியும் சொட்டு ரத்தம் வரவில்லை. "ஊசி இன்னாம்மா பண்ணும்? மாட்டுத் தோலோட சேர்ந்து என் தோலும் பதமாயிடுச்சு" என்றார். ஸ்டாலே சிரித்தது. நாற்றமடிக்கும், விடும்மா என்று அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நீ விடவில்லை. உன் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கினாய். மைக்கை அணைக்காமலேயே, "எங்க நைனா கையும் இதே வாசனைதாண்ணா" என்றாய். மைதானம் முழுக்கக் கேட்டது.

அன்று ஸ்டாலை மூடும்போது அலுத்துக்கொண்டாய். "குடுக்க ஆளு கெடைச்சிடுதுடி. நான் வாங்கினேன், அதான் பொழைச்சேன்னு சொல்லத்தான் ஒருத்தரும் வர மாட்றாங்க. அத ஒருத்தர் சொல்லிட்டா ஜனங்களுக்குப் பயம் போய்டும்."

அந்த ஒருத்தர் இன்றைக்கு நானாக இருந்திருக்கலாம்.

டெங்குவில் பாப்பாவுக்கு ரத்தத் தட்டணு இறங்கிக்கொண்டே போனபோது எங்கள் யாருடைய ரத்தமும் சேரவில்லை. நீ உயிரோடு இருந்திருந்தால் உனக்குத்தான் முதல் போன். நீ இல்லை, கிளப்புக்கு அடித்தேன். டேனரி ஷிப்டிலிருந்து அப்படியே, ரப்பர் பூட்ஸோடு ஒரு பையன் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான். "பாப்பா எப்டிக்கா இருக்குது?" என்றான் முதலில். அவன் கொடுத்துத்தான் இவள் எழுந்து உட்கார்ந்தாள். அத்தையிடம், "ஆஸ்பத்திரியிலயே குடுத்தாங்க" என்று சொல்லிவைத்தேன். மாமியார் ஆயிற்றே, யாரு, எவரு, இன்னா வேலை என்று கேட்பார்களே என்று பயம்.

இன்று அத்தையோடும் பாப்பாவோடும் ஸ்டாலைத் தாண்டும்போது ஒரு கல்லூரிப் பெண் ஓடி வந்து பாப்பாவிடம் பலூனைக் கொடுத்தாள். "அக்கா, நீங்கதானே? பாப்பாவுக்கு நம்ம அண்ணன்தானே குடுத்தாரு? மைக்ல ரெண்டே வார்த்தை சொல்லுங்கக்கா. காலையிலேர்ந்து கத்துறோம், ஒருத்தரும் நிக்கல." மைக்கை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் அவன். கிளப் டீ-ஷர்ட், படிய வாரிய தலை. பாப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நாங்க இல்லீங்க. வேற யாரையோ நெனச்சிட்டீங்க" என்றேன்.

அவனுக்குக் கேட்டது. சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு தலையை மட்டும் தாழ்த்திக்கொண்டான். பிறகு அந்தப் பெண்ணிடம், "ஆமாம்மா, அது வேற பாப்பா" என்றான். எனக்காகப் பொய்யும் அவனே சொன்னான்.

வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தட்டு கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடினார்.

"பாப்பாவையே பாத்துக்கினு நின்னுதே, அந்தப் புள்ளையா?"

"ஆமாங்கத்தை."

"அங்கயே சொல்ல வேண்டிதானே? கையப் புடிச்சிருப்பேன். என்னைச் சாக்கு வச்சிக்கினு அந்தப் புள்ளைய அசிங்கப்படுத்திட்டு வந்திருக்கியே."

யாரு, எவரு, இன்னா வேலை என்று கேட்டதெல்லாம் அத்தை இல்லையடி. நான்.

நாளை பொருட்காட்சிக்குக் கடைசி நாள். அத்தையும் வருகிறார். அவன் இருப்பானோ, ஷிப்டில் மாட்டிக்கொள்வானோ. இருந்தாலும் என் முகத்தைப் பார்ப்பானோ. பாப்பாவுக்குக் கைகால் சில்லிட்டபோதெல்லாம் நீ தேய்த்தது போலத்தான் தேய்த்தேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். நாளை அவன் விட்டால் முதலில் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வேன். அப்புறம் வாங்கினேன் என்று சொல்வேன். அழுதாலும் அழுவேன்.

மைக்கை அணைக்க மாட்டேன்.