உப்பளத்தில் புதைத்த கேபிள்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

தெய்வநாயகி எழுதுவது. நானும் வினோதினியும் நலம். ஜாம்நகரில் உங்களுக்கு வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா? போனிலேயே பேசியிருப்பேன். ஆனால் உங்கள் மச்சினன் மணிகண்டன் நம் வீட்டிலேயே பழியாகக் கிடக்கிறான். போன் அடித்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். என் தம்பி என்று சொல்லிக்கொள்ளவே கூசுகிறது.

மரக்காணத்திலிருந்து நம் குப்பத்துக்கு ஃபைபர் கேபிள் போடும் வேலையை அவன் எடுத்தபோது, உப்பளத்தில் புதைக்காதே, கம்பம் நட்டு இரும்பே இல்லாத கேபிளாக மேலே இழு என்று படித்துப் படித்துச் சொன்னீர்கள். சரி மாமா, சரி மாமா என்றான். கொண்டுவந்தது கிளியனூர் ரோட்டு வேலையில் மிஞ்சிய இரும்பு உறை போட்ட கேபிள். அங்கே எலி கடிக்காமல் இருக்க அது நல்லதுதான். அதையே இங்கே பாத்தி வரப்பில் புதைத்தான். கேட்டதற்கு, "இரும்பு இருக்குதுக்கா, மம்முட்டி பட்டாலும் தாங்கும்" என்றான். இரும்பு துருப்பிடிக்கும் என்று உப்பு வாரும் பலகையைக்கூட மரத்தில் செய்கிற ஊரில் நின்றுகொண்டு பேசுகிற பேச்சா இது?

மழை ஓய்ந்ததும் உப்பளத்து ஆட்கள் வழக்கம்போலச் சேறு வெட்டி வரப்பு கட்டினார்கள். மம்முட்டி பட்டு மேல்தோல் கிழிந்தது யாருக்கும் தெரியவில்லை. உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. பிறகு லைன் செத்துத் தோண்டியபோது, புண்ணிலிருந்து சீழ் வருவது போலத் துருத்தண்ணீர் பழுப்பாக வடிந்தது.

லைன் செத்த அன்றுதான் காற்று எச்சரிக்கை. எச்சரிக்கை சொல்லும் குப்பத்து மைக்கும் ஊமை, அதே கேபிளில் ஓடும் செல்போன் டவரும் ஊமை. சித்தப்பா மகன் அருண்ராஜ் எதுவும் தெரியாமல் கடலுக்குப் போனான். படகு கவிழ்ந்து வலது கை முறிந்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். மணிகண்டன் ஆப்பிள் பையோடு பார்க்க வந்தான். அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து, "கெட்ட இடத்த மட்டும் வெட்டிட்டு ஜாயிண்ட் அடிச்சு மூடுங்கப்பா" என்று போனில் ஆளுக்கு உத்தரவு போடுகிறான். சீ! இப்படியும் ஒரு பிறவியா? அந்த ஆப்பிளை நான் தொடவில்லை.

இப்போது லைன் நன்றாக இருக்கிறது என்று டெஸ்ட் செய்து கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். அங்கே இதே கேபிள் வேலை பார்க்கிற உங்களை அதற்குத்தான் கூப்பிடுகிறான். "மாமா கையெழுத்து போட்டா இந்த லைனைப் பாத்துக்கிற வேலை அவருக்குத்தான், இங்கயே இருந்துடலாம்" என்கிறான். அம்மாவும் அவனுக்கு ஒத்து ஊதுகிறாள். அப்பா வரப்போகிறார் என்று வினோதினி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

நீங்கள் வரமாட்டீர்கள் என்று நான் அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தப்பென்றால் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். புதைத்ததை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுக் கம்பம் நடட்டும், பிறகு பார்க்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடவுள் உங்களுக்குத் துணை இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். மனசு தாங்காமல் நானே ஒருநாள் போனில் அழுது வந்துவிடுங்கள் என்று சொன்னாலும், அந்தக் கையெழுத்துக்காக வராதீர்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
தெய்வநாயகி