பாண் கேட்ட கதை

திருப்பூர், ஆகஸ்ட் 1991

அன்புள்ள அம்மாவுக்கு, இருளப்பன் வணங்கி எழுதுவது. நான் சுகம். கோத்தகிரிக் குளிரில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

போன வாரம் ஒரு வேடிக்கை. பேக்கரியில் வாய் தவறிப் பாண் கேட்டுவிட்டேன். கடைக்காரர் பன்னை எடுத்து நீட்டினார். இதில்லை என்று அடுக்கில் இருந்ததைக் கையால் காட்டினேன். "அது பிரெட்டுங்க. ஏனுங்க, நீங்க சிலோனுங்களா?" என்றார். பக்கத்தில் எங்கள் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் சென்னியப்பன் நின்றிருந்தார். தாத்தா துறையூரிலிருந்து கண்டிக்குத் தோட்ட வேலைக்குப் போனவர், நாங்கள் இந்தியாக்காரர்தான் என்றேன். "அப்படீங்களா" என்று மாஸ்டர் சிரித்தார்.

அன்றிலிருந்து தினமும் டீ வாங்கித் தருகிறார். கண்டியைப் பற்றியே கேட்கிறார். எதற்கென்று தெரியவில்லை. மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு சிலோன் என்றாலே போலீஸ் வரை போய்விடுகிறது. அங்கே இந்தியாக்காரன் என்றுதானே நம்மைக் கப்பலேற்றினார்கள்? நான் வாயைக் குறைத்துக்கொண்டேன். நீங்கள் பயப்படாதீர்கள்.

இங்கே டீயெல்லாம் பால்தான். பால் விடாத நம் வீட்டுத் தேத்தண்ணிக்கு நாக்கு ஏங்குகிறது. கொஞ்சம் தூள் அனுப்புங்கள். சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

பொட்டலத்தின் மேல் மறந்தும் தேத்தூள் என்று எழுதிவிடாதீர்கள். டீத்தூள் என்றே எழுதுங்கள்.

உங்கள் மகன்